டெய்லரக்காவிடம் சொல்லாதது

ஏற்காட்டு கடைவீதியில் என் செருப்புக் கடைக்கும் டெய்லரக்காவின் தையல் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் அவரிடம் யூனிஃபார்முக்கு அளவு கொடுப்பார்கள், அப்புறம் என்னிடம் கறுப்பு ஷூ வாங்குவார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் உங்க ராஜ்ஜியம், அதுக்குக் கீழே என் ராஜ்ஜியம் என்று அவரிடம் சொல்லுவேன். அந்த எல்லையை அவர் ஒருநாளும் மதித்ததில்லை.

"ஏனுங்க தம்பி, இப்பப் போன பையனுக்கு உள்ளங்காலு தட்டையா இருக்குதே, அவங்கம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பார்.

ஷூ விற்கிறவனுக்கு எதற்கு அந்த வேலை? எனக்கு ஷூ விற்றால் போதும். "சொல்லலீங்கக்கா" என்பேன். உடனே தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வீதியில் இறங்கி, அந்த அம்மாவைத் துரத்திப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். ஆள் குட்டை, நல்ல பருமன். ஓடினால் கழுத்தில் கிடக்கும் அளவுநாடா இரண்டு பக்கமும் ஆடும்.

இதுதான் டெய்லரக்கா. கண்ணில் பட்ட ஒன்றை அவரால் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. சட்டைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டவர் ஆள் முழுவதையும் பார்த்துவிடுவார். தோளில் மரு, நகத்தில் வெளுப்பு, கழுத்தில் வீக்கம், எதுவும் தப்பாது. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே, கூட யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார். ஒருமுறை என்னையும் விடவில்லை. "தம்பி, உங்களுக்கு நாக்கு நொம்ப வெளுத்துக் கெடக்குது, பூச்சி மாத்திரை போடுங்க" என்றார். அப்போது என் கடையில் நான்கு பேர் இருந்தார்கள். நான் சிரித்துக் காட்டுவதற்காக வாயைத் திறந்திருந்தேன், அவ்வளவுதான்.

அவர் சொன்னது பலித்ததும் உண்டு. ஹாஸ்டலில் படிக்கிற நாமக்கல் பெண் ஒருத்திக்கு அளவெடுக்கும்போது ஒரு தோள் இறங்கியிருக்கிறது, முதுகை டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். காட்டினார்கள். முதுகெலும்பு வளைந்துகொண்டிருந்ததாம். நேரத்தோடு பார்த்ததால் பெல்ட் போட்டே சரிசெய்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வந்துவிடும்.

பலிக்காததுதான் அதிகம். பஸ் கண்டக்டர் ஒருவர் பேன்ட் சுருக்க வந்தார். பிடரியில் கட்டி இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல், பெண்டாட்டி தாலியைப் பிடித்துக்கொண்டு அழ, சேலத்தில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு வந்தார். வெறும் கொழுப்புக் கட்டி. கடை வாசலில் நின்று அவர் போட்ட கூச்சலுக்கு வீதியே கூடிவிட்டது.

"கொழுப்புக் கட்டின்னு தெரிஞ்சுதல்லங்க? சந்தோசமாப் போங்க" என்றார் டெய்லரக்கா. துளி வருத்தமும் இல்லை. கண்டக்டர் போன பிறகு என்னிடம், "அவருக்குக் கோவம் வந்தா வந்துட்டுப் போகுதுங்க தம்பி. நான் சொல்லாம விட்டு, அது வேற ஒண்ணா இருந்திருந்தா?" என்றார்.

அவருடைய வீட்டுக்காரர் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்து, பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே இறந்துபோனவர். அவர் கால் வீங்கியிருந்ததை இந்தம்மா பார்த்தும் சொல்லாமல் விட்டதால்தான் பிற்பாடு இந்தப் பழக்கம் வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "அடப் போங்க தம்பி. நான் சின்னப் புள்ளையிலயே இப்புடித்தான். எங்க மாதா கோயில் உபதேசியாருக்குக் காதுல சீழ் வடியுதுன்னு சொல்லி எங்கம்மாகிட்ட அடி வாங்கியிருக்கறேன்" என்றார்.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மகள் இங்கேயே நர்சரிப் பள்ளியில் டீச்சர். வீட்டில் ஆம்பளை என்று முன்னால் நிற்கிறவர் டெய்லரக்காவின் தம்பி. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். தாய்மாமன் என்ற முறையில் அக்கா மகளின் கல்யாணம் அவர் தலையில்தான் இருந்தது.

முதலில் தர்மபுரியிலிருந்து ஒரு வரன் வந்தது. எல்லாம் கூடிவந்து, பெண் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் காபி டம்ளரை எடுத்தான். டெய்லரக்கா அவன் கையைப் பார்த்துவிட்டார்.

"ஏன் சாமி, கை இப்புடி நடுங்குதே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

பெண் பார்க்க வந்த இடத்தில் எந்தப் பையனுக்குத்தான் கை நடுங்காது? அவனுடைய அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நல்லாயிருக்கிற பையனுக்கு வியாதி கட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினார்கள். அந்தச் செய்தி மலையிறங்கி எங்கெங்கோ போனது. அப்புறம் இரண்டு வருஷம் எந்த வரனும் எட்டிப்பார்க்கவில்லை. மகள் அம்மாவோடு சரியாகப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஆத்தூரிலிருந்து அடுத்த வரன் வந்தபோது ரைட்டர் ஒரு முடிவோடு இருந்தார். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. அவனுடைய அம்மா பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று ரைட்டர் தன் அக்காவை அடுப்படியைவிட்டு வெளியே வர விடவில்லை. கடைசியில் கும்பிடு போட மட்டும் கூப்பிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் டெய்லரக்கா கடைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு ஈறு வீங்கியிருக்குதுங்க தம்பி. சொல்லாம அடக்கிட்டனுங்க. மத்தியானத்துல இருந்து வயித்த என்னமோ பண்ணுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். அதுதான் அவர் நன்றாக இருந்து நான் பார்த்த கடைசிக் கோடை.

துபாயில் லீவு கிடைக்கிற கணக்கைப் பார்த்துக் கல்யாணத்தை ஜனவரிக்கு வைத்தார்கள். மே மாதம், சீசன் கூட்டத்தில், ஏரிப் பக்கமிருந்து துணி மூட்டையோடு ஏறி வந்துகொண்டிருந்த டெய்லரக்காவை டூரிஸ்ட் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து தூக்கி அடித்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மண்டையிலிருந்து ரத்தம். வலது கால் திரும்பிக் கிடந்தது. நூற்றியெட்டு ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்புகிறபோதெல்லாம் அந்தக் காலைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. அந்த வலியிலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் பையனைப் பார்த்து, "கண்ணு, உனக்குக் கண்ணு மஞ்சப் பூத்திருக்குது, ரத்தம் குடுத்துப் பாரு" என்றார். அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் அவரை நேராக ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இப்படி அடிபட்டு வருகிறவர்களுக்கு உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க, தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே மூச்சில் படம் எடுத்துவிடுவார்களாம். ஓசூரிலிருந்து மகனும் வெள்ளக்கடையிலிருந்து ரைட்டரும் வந்து சேர்ந்ததும் நான் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் ரைட்டர் போன் செய்தார். "தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் பாத்தாச்சுங்க. ஒண்ணுமில்லைங்க. காலு மட்டும்தான். பிளேட் வெச்சாப் போதும்னுட்டாங்க." நான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன்.

உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்கு அடுத்த பிப்ரவரியில்தான் தெரிந்தது. மகனே வந்து சொன்னான். அன்றைக்கு டாக்டர் அவனையும் ரைட்டரையும் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். விபத்தினால் உள்ளே எந்தச் சேதமும் இல்லை. ஆனால் தேடாத ஒன்று படத்தில் விழுந்திருக்கிறது. இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி, நல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு. பார்த்தால் புற்றுநோய் மாதிரிதான் தெரிகிறது. வண்டி மோதியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கிறது, வலியே இல்லாததால் தெரியவில்லை. இன்னும் வெளியே பரவவில்லை. "ஒரு வகையில அடிபட்டது நல்லதாப் போச்சு. இல்லைன்னா இது தெரிஞ்சே இருக்காது. கால் கொஞ்சம் தேறினதும் கூட்டிட்டு வாங்க, அந்தக் கிட்னியை எடுத்துட்டா பொழச்சுக்குவாங்க" என்றாராம் டாக்டர்.

மகன் உடனே அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறான். ரைட்டர் அவனை மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"உங்கம்மாகிட்ட சொன்னா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா மாப்ளே? நாளைக்குக் காலையில ஆத்தூருக்குப் போனப் போட்டு, எனக்குக் கிட்னியில கேன்சருங்கன்னு அவளே சொல்லிப்போடுவா. மண்டபத்துல மைக் கெடைச்சாலும் சொல்லுவா. அம்மாக்காரிக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு அவங்க யோசிக்க மாட்டாங்களா? இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா உன் தங்கச்சிக்கு இனி யாரு வருவா? கல்யாணம் முடியட்டும். முடிஞ்ச மறுவாரமே நானே கூட்டிட்டுப் போறேன்."

மகளுக்கும் தெரிய வேண்டாம், அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று முடிவாயிற்று. எனக்கும் சொல்லவில்லை. நான் டெய்லரக்காவுக்குப் பக்கத்துக் கடை. டாக்டரிடம் மகன், வேறு ஊரில் தெரிந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறான். ரைட்டர் கெட்டவர் என்றால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்குக் கால் ஒடிந்திருந்த மாதங்களில் வாரம் தவறாமல் எஸ்டேட்டிலிருந்து பைக்கில் வந்து, அவருக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

ஆகஸ்டில் டெய்லரக்கா கைத்தடி ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் ஸ்கேன் மிஷினைப் பற்றியே பேச்சு. குகை மாதிரி இருக்குமாம், உள்ளே போனால் மூச்சை அடக்கு என்று அதுவே சொல்லுமாம்.

"நம்ம கண்ணுக்கு மேல்தோலுதான் தெரியும் தம்பி. அந்த மிஷினுக்கு ஒடம்புக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியுது. அதுகிட்ட எதையும் ஒளிக்க முடியாதுங்க. அதுவும் என்னைய மாதிரிதான், பாத்தாச் சொல்லிப்போடும்."

தீபாவளிக்குள் ஆள் பாதியாகிவிட்டார். நடக்காமல் கிடந்ததால் உடம்பு இறங்கிவிட்டது என்று அவரே சொன்னார். முதுகு வலிக்கிறது என்றார், மிஷின் மிதிக்காமல் இருந்து மிதிக்கிறோமே அதனால்தான் என்றார். அப்புறம் ஒரு வறட்டு இருமல் வந்தது. மலையில் அந்த மாதம் யாருக்குத்தான் இருமல் இல்லை? ஆனால் இது போகவில்லை. சுவர் வழியாகக் கேட்டுக்கேட்டு எனக்கே பயம் வந்துவிட்டது.

"அக்கா, ஒரு எட்டு சேலம் போய்க் காட்டிட்டு வந்துருங்களேன்" என்றேன்.

"என்னத்தக் காட்டறது? அதான் முழு ஒடம்பையும் படம் புடிச்சுப் பாத்துட்டாங்களே. ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சு. மறுக்கா எதுக்குங்க?"

ஊரில் ஒருத்தர் விடாமல் டாக்டரிடம் துரத்தியவர், தன் விஷயத்தில் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது. அவர்கள் எதுவுமே சொல்லாமல் இருந்திருந்தால்கூட அவரே போய்க் காட்டியிருப்பார். ஒன்றுமில்லை என்று சொல்லி அவர் காலைக் கட்டிவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர்களுடைய மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மகன் ஓசூரிலிருந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஓலை வாசிக்கிற நேரத்தில் அம்மாவுக்கு இருமல் வந்து, சத்தம் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தோள்பட்டை எலும்பு எழும்பி எழும்பி இறங்கியதைப் பார்த்திருக்கிறான். அப்போதே எழுந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று தோன்றியதாம். முன்வரிசையில் மாமா திரும்பிப் பார்த்தாராம். உட்கார்ந்துவிட்டான்.

ஜனவரியில் கல்யாணம் நடந்தது. நான் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். மணப்பெண்ணின் ரவிக்கையை டெய்லரக்காவே தைத்திருந்தார். அவர் போட்டிருந்த ரவிக்கை மட்டும் தொளதொளவென்று தொங்கியது. அளவு பார்க்கத் தெரியாத யாரோ தைத்த மாதிரி இருந்தது.

சொன்னபடி ரைட்டர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். கால் பிளேட்டைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, மகனும் அவருமாக அதே ஆஸ்பத்திரிக்கு. மறுபடியும் ஸ்கேன். அதே டாக்டர். படத்தைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டெய்லரக்கா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக்கூடப் பார்க்காமல் கத்திவிட்டார்.

"போன மே மாசமே சொன்னனே! அப்ப எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப நுரையீரலுக்கும் போயிருச்சு, முதுகெலும்புக்கும் போயிருச்சு. இத்தன நாளா என்ன பண்ணுனீங்க?"

தனக்கு என்ன நோய் என்று டெய்லரக்காவுக்குத் தெரியவந்தது இப்படித்தான். "எந்த மே மாசமுங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். மலை ஏறி வீடு வந்து சேர்கிற வரைக்கும் பஸ்ஸில் அவர் வாயைத் திறக்கவில்லை என்று மகன் சொன்னான். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி அழுதுகொண்டே சொன்னான். அவனைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரிலிருந்து சம்பந்தியம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். நானும் ரொட்டி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். டெய்லரக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். அவருடைய காலடியில் மகன். ரைட்டர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தியம்மா, எப்போது தெரிந்தது, ஏன் இவ்வளவு தூரம் விட்டீர்கள் என்று கேட்டார். சுற்றிவளைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ரைட்டரே உண்மையைச் சொன்னார்.

"உங்களுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் வேண்டாம்னு போயிருவீங்களோன்னுதானுங்க..."

சம்பந்தியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"யாரு, நாங்களா? நாங்க என்ன, சுழி பாத்து மாடு புடிக்கவா வந்தோம்? பொண்ணோட அம்மாவுக்கு ஆபரேஷன்னா கல்யாணத்தத் தள்ளி வெச்சிருப்போமுங்க. எம் பையன் அடுத்த லீவுக்கு வந்திருப்பான். இதுக்குப் போயி ஒரு உசுர வெச்சு வெளையாடியிருக்கீங்களே."

மகள் மாமாவுக்கு எதிரில் போய் நின்றாள். தன் கல்யாணத்துக்காகத்தான் இது நடந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "எங்கிட்ட கூடச் சொல்லலியே மாமா" என்றாள். ரைட்டர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

டெய்லரக்கா மகனைக் கூப்பிட்டார். திட்டுவார், அழுவார் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். அவர் குரலில் கோபமே இல்லை. கணக்கில் தப்பு செய்த பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது மாதிரி, இருமலுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் இவங்ககிட்ட சொல்லியிருப்பேன் சாமி. இவங்க செரின்னிருப்பாங்க. அவ்வளவுதானேடா."

அவன் அம்மாவின் கால்மாட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர் அவன் தலையைத் தொடவில்லை. ஈஸ்டருக்கு முன்னாலேயே அவரை அடக்கம் செய்துவிட்டோம்.